பாதையைப் பார்த்த பதினோரு செடிகள்

காலை ஒன்பது மணிக்கு ஈரச் சரிவில் முழங்காலிட்டு, ஒரு மஞ்சள் பூவின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பறியும் வேலை என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். பல் டாக்டர் வேலை என்று யாரும் சொல்லவில்லை.

"என்ன தெரியுது?" என்றார் மேடம்.

"சொத்தை ஒண்ணும் இல்ல மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. அது அவருக்கு வழக்கமும் இல்லை. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைப் போய்ப் பார்த்து, எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று எழுதிக்கொடுத்தவர். அழுகிறவர்களையும் நம்பாதே, அழாதவர்களையும் நம்பாதே என்பதுதான் அந்த வேலையில் கற்றது என்பார். பிறகு சொந்தமாக அலுவலகம் போட்டார். அதற்கு நான் ஒருவன்தான் ஊழியன். யாரையாவது பின்தொடரச் சொன்னால் லேசில் விடமாட்டேன் என்பதால் எனக்கு ஒட்டுப்புல் என்று பெயர் வைத்தவரும் அவரே.

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் எங்கள் கட்சிக்காரி. முப்பது வயது இருக்கும். நகத்துக்கடியில் மண், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சின்ன லென்ஸ். நேற்று மாலை அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தபோதே மனதுக்குள் அவளுக்கு லென்ஸ் என்று பெயர் வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். இந்த மலைச்சரிவை உடைத்துக் கல் எடுக்க ஒரு குவாரிக்கு அனுமதி கிடைக்க இருந்தது. செடி ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் லென்ஸ், பன்னிரண்டு நாள் முன்னால் இதே சரிவில் அபூர்வமான பிரிம்ரோஸ் செடிகள் பதினொன்றைக் கண்டுபிடித்தாள். குவாரி நின்றது. குவாரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு நிபுணரை அழைத்து வந்தார்கள். அவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, இவை தானாக முளைத்த செடிகள் இல்லை, யாரோ கொண்டுவந்து நட்டவை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கண்டுபிடித்தவளே நட்டிருப்பாள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. அங்கே அவளை மோசடிக்காரி என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அப்புறம் எந்த நிலையத்திலும் அவளை வாசற்படி ஏற விடமாட்டார்கள்.

"நான் நடல," என்று நேற்று ஒரே ஒரு தடவை சொன்னாள். சத்தியம் செய்யவில்லை, மூக்கை உறிஞ்சவில்லை. மேடம் கேஸை எடுத்துக்கொண்டார்.

"முதல்ல எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் மேடம் இப்போது. "வர்ற வழியெல்லாம் இதே மஞ்சப் பூதான். இது மட்டும் அபூர்வம்னு எப்படிச் சொல்றீங்க?"

அவள் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் உயிர் வந்தது.

"நீளமா லத்தீன் பேரெல்லாம் இருக்கு. வேலையில நாங்க சுருக்கமா சாதா, மணி, சாய்வுன்னு சொல்லுவோம். சாதான்னா ஒரு காம்புக்கு ஒரே பூ. காம்பு நேரா தரையிலேர்ந்து வரும். மணின்னா உயரமா ஒரு தண்டு, அதோட நுனியில கொத்தா சின்னச் சின்னப் பூ, அடர்த்தியான மஞ்சள். இந்த ரெண்டும் எங்க பார்த்தாலும் கிடைக்கும். சாய்வுக்கும் தண்டு உண்டு, கொத்து உண்டு. ஆனா பூ வெளிர் மஞ்சள். கொத்து மொத்தமும் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கும். அதுதான் அபூர்வம்."

"அவ்ளோதானா? இதுக்கு எதுக்குங்க லென்ஸு?" என்றேன்.

"அவ்ளோ இல்ல. சாதாவும் மணியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். அதுல வர்ற கலப்பு அச்சு அசல் சாய்வு மாதிரியே இருக்கும். அதே தண்டு, அதே வெளிர் மஞ்சள். பெரிய பெரிய ஆளுங்களே ஏமாந்திருக்காங்க."

"எங்க அக்கா வீட்டுக்காரர் கூட அப்படித்தான். பார்க்க டாக்டர் மாதிரியே இருப்பார்."

"எப்படிப் பிரிச்சுச் சொல்லுவீங்க?" என்றார் மேடம், என்னைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல்.

"ரெண்டு வழி. கலப்போட கொத்து ஒரு பக்கமாச் சாயாது. நாலு பக்கமும் விரிஞ்சு நிக்கும். இன்னொண்ணு, பூவோட தொண்டை. கலப்புக்குத் தொண்டையில சின்னச் சின்ன மடிப்பு வளையமா இருக்கும். சாய்வுக்கு மடிப்பே கிடையாது."

"பூ இல்லாதப்ப? இலையை வச்சு?"

"கலப்பையும் சாய்வையும் வெறும் இலையை வச்சுச் சொல்ல முடியாது மேடம். சொல்றேன்னு சொல்றவங்க அடிச்சு விடறாங்க."

"இந்தப் பதினொண்ணும் சாய்வுதானா?"

"சுத்தமான சாய்வு. அதைக் குவாரி நிபுணரே ஒத்துக்கறார். அவர் புடிச்சது வேற." லென்ஸ் குனிந்து ஒரு பூவை விரலால் நிமிர்த்தினாள். "பிரிம்ரோஸ்ல எந்த வகையா இருந்தாலும் ரெண்டு விதக் கண்ணு உண்டு. சில செடியில பூவோட வாயில குண்டூசித் தலை மாதிரி ஒண்ணு தெரியும். சிலதுல நூல் பிசிறு மாதிரி தெரியும். குண்டூசிச் செடின்னா சாகறவரைக்கும் அது குண்டூசிதான். காட்டுல தானா வளர்ந்தா ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும்."

"இங்க?"

"பதினொண்ணும் குண்டூசி."

ஒரு காசைப் பதினோரு தடவை சுண்டி, பதினோரு தடவையும் தலையே விழுந்தால் நான் காசைப் பற்றி யோசிக்க மாட்டேன். சுண்டினவனைப் பற்றித்தான் யோசிப்பேன்.

"ஒரே செடியைத் துண்டு துண்டாப் பிரிச்சு நட்டிருக்காங்க," என்றார் மேடம்.

"ஆமா. கண்டுபிடிச்ச சந்தோஷத்துல நான் கண்ணையே பார்க்கல." அதைச் சொல்லும்போது அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பு வந்தது தெரிந்தது.

மேடம் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். சரிவின் மேல்விளிம்பில் ஓர் ஒற்றையடிப் பாதை வளைந்து போகிறது. அதில் ஏறி, பத்து அடி அந்தப் பக்கம், பத்து அடி இந்தப் பக்கம் என்று நடந்தார். பிறகு நின்றுவிட்டார்.

"ஒட்டுப்புல், இங்க வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

"கீழே பள்ளத்துப் பக்கத்துலேர்ந்து மேடம். மேலே மரம் அடைச்சுக்கிட்டு இருக்கு."

"செடி எந்தப் பக்கம் சாயும்?"

"அதுக்கு அறிவு இருந்தா வெளிச்சத்துப் பக்கம்."

"இப்ப மேலே வந்து என் பக்கத்துல நின்னு பாரு."

போய் நின்று பார்த்தேன். பதினோரு செடிகளும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாதையில் நின்ற என்னையே பார்த்தன. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு உட்கார வைத்ததுபோல் இருந்தது.

"ஜன்னலோரம் தொட்டியில வளர்ந்ததுங்க," என்றார் மேடம். "சாய்வு எப்படியும் ஒரு பக்கம் சாயும், இதுங்க ஜன்னல் இருந்த பக்கமாச் சாஞ்சிருக்கு. நடும்போது ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பி, பாதையைப் பார்த்து வச்சிருக்காங்க. ஏமாத்த வந்தவன் குழியைத் தோண்டி, செடியைத் திணிச்சுட்டு ஓடியிருப்பான். இதை நட்டவர் நிதானமா நின்னு திருப்பி வச்சிருக்கார்." லென்ஸிடம் திரும்பினார். "இந்தப் பாதையில யார் வருவாங்க?"

"நான் மட்டும்தான். வாரத்துக்கு ரெண்டு நாள்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எங்க டைரக்டருக்கு. நான் எங்கெங்க நடக்கணும்னு வழி போட்டுக் கொடுத்தவரே அவர்தான். அப்புறம் எங்க அப்பாவுக்கு."

"அப்பா என்ன பண்றார்?"

"நிலையத்துல தோட்டக்காரர். கண்ணாடி வீடு அவர் பொறுப்பு."

"அந்தக் கண்ணாடி வீட்டுல சாய்வு இருக்கா?"

அவள் லென்ஸ் கயிற்றை விரலில் சுற்றினாள். "ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி வெளியூர்லேர்ந்து வந்தது. சாவி ரெண்டு பேர்கிட்டதான்."

எந்த இரண்டு பேர் என்று நாங்கள் கேட்கவில்லை.

நிலையத்துக்குக் காரில் போகும்போது நான் டைரக்டர் மேல் பந்தயம் கட்டினேன். ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று வருடமாக ஒன்றும் கண்டுபிடிக்காமல் இருக்கிறவர், கண்டுபிடிக்க ஏதாவது இருந்தால் தேவலை என்று நினைத்திருக்கலாம். மேடம் பந்தயத்துக்கு வரவில்லை. லென்ஸ் பின் சீட்டில் லென்ஸையே உருட்டிக்கொண்டு வந்தாள்.

டைரக்டர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மேஜை நிறையத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் காய்ந்து ஒட்டிய ஒரு செடி. நாங்கள் நிற்கும்போதே ஒன்றை எடுப்பார், பார்ப்பார், சீட்டில் பெயர் எழுதுவார், தள்ளிவிடுவார், அடுத்தது. வெளியே செடிகள் உயிரோடு இருக்கின்றன என்ற செய்தி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருந்தது.

"ஒரு நாளைக்கு நூறு தாள் பார்க்கணும்," என்றார் தலை நிமிராமல். "இந்தப் பொண்ணு பண்ணின வேலைக்கு என் நேரத்தை எதுக்கு வீணடிக்கறீங்க?"

"இவங்ககிட்ட ஏதாவது சொன்னீங்களா? வேலையைப் பத்தி?"

"சொன்னேன். போன வருஷமே, அடுத்த வருஷமும் வெறுங்கையோட வந்தா ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன்னேன். அதுல என்ன தப்பு? அதுக்காகச் செடியைக் கொண்டு போய் நடச் சொன்னேனா?"

மேடம் அவருக்குப் பின்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் விளிம்பில் ஒரு தொட்டி. அதிலிருந்த செடி ஒரேயடியாகக் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு பாதி வாடிக் கிடந்தது.

"சரி, நன்றி," என்று மேடம் கிளம்பிவிட்டார்.

"என்ன மேடம், ஒண்ணுமே கேட்கல?" என்றேன் வராந்தாவில்.

"இவர் இல்ல. கைக்கெட்டற தூரத்துல இருக்கற தொட்டியையே வருஷக்கணக்கா திருப்பி வைக்காத மனுஷன், மலையேறிப் போயா பதினோரு செடியைத் திருப்பி வச்சிருப்பார்?"

என் பந்தயம் போயிற்று. லென்ஸ் எங்களுக்கு முன்னால் வேகமாக நடக்க ஆரம்பித்திருந்தாள். கண்ணாடி வீட்டுப் பக்கம்தான்.

உள்ளே வெதுவெதுப்பாக, ஈர மண் வாசனையோடு இருந்தது. கண்ணாடிச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு மரப்பலகை, அதன்மேல் வரிசையாகத் தொட்டிகள். பூக்கள் எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து, அதாவது எங்களுக்குப் புறம் காட்டி நின்றன. பலகையின் மறுகோடியில் ஓய்வு வயதை நெருங்கிய ஒருவர் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்தார்.

"வாங்க, வாங்க," என்று எதிரே வந்தார். வரும்போதே, தான் என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், வழியிலிருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார்.

மேடம் அப்படியே நின்றார். 

"ஏன் திருப்பறீங்க?" என்று மெல்லக் கேட்டார் மேடம்.

"எதை? ஓ, இதையா?" சிரித்தார். "பார்க்க வர்றவங்களுக்கு முகம் தெரிய வேண்டாமா? முதுகையா காட்டறது?"

"மலைச்சரிவுலயும் அதனாலதான் திருப்பி வச்சீங்களா?"

அவர் மேடத்தைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். லென்ஸ் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா?" என்றாள். கேள்வி மாதிரிதான் கேட்டாள். ஆனால் அவளுக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"ஆமாம்மா," என்றார். மறைக்கவோ மழுப்பவோ அவர் முயற்சிக்கவில்லை. "போன இலையுதிர் காலத்துல பிரிச்சேன். பன்னண்டு துண்டு வந்துச்சு. ஒண்ணை இங்க வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தொட்டியில தேத்தினேன். பூ விரியற சமயமாப் பார்த்துக் கொண்டு போய் நட்டேன். நீ நடக்கற பாதையோரமா."

"ஏம்ப்பா?"

"ஏன்னா கேட்கற? மூணு வருஷமா மழையிலயும் குளிர்லயும் அந்தச் சரிவுல நடந்தியே. வெறுங்கையோட வந்து, சாப்பிடாமக் கொள்ளாமப் படுத்துக்குவியே. அடுத்த வருஷமும் ஒண்ணும் இல்லைன்னா வேலை இல்லைன்னு அந்த ஆளு சொல்லிட்டார்னு அழுதியே. இங்க ஒண்ணு சும்மாத்தானே நிக்குது. நான் யாரையும் ஏமாத்தலம்மா. செடி நிஜம்தானே?"

 எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. நூறு தாளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு பெண்ணை மிரட்டிவிட்டு அதையும் மறந்துபோனவர் மேல்தான் வந்தது.

"இன்னிக்கு விசாரணை இருக்குன்னு தெரியும்ல? இதுவரைக்கும் ஏன் சொல்லல?" என்றார் மேடம்.

"சொன்னா இவ கண்டுபிடிச்சது போயிடுமேன்னு பார்த்தேன். நாலு மணிக்கு நானே வந்து சொல்லலாம்னுதான் வேலையைச் சீக்கிரம் முடிச்சுக்கிட்டு இருக்கேன். இவ பேருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

"சொல்லிடுங்க. இவங்க தப்பிச்சுடுவாங்க." மேடம் திரும்பிக் கதவு வரை போனார்.

"ஒரு அவசரம், அரைகுறைன்னு எதுவும் பண்ணலைங்க," என்று பின்னாலிருந்து அவர் சொன்னார். தன் வேலையைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. "அந்த இடத்தை நல்லா சுத்தம் பண்ணிட்டுத்தான் நட்டேன்."

மேடத்தின் கை கதவில் நின்றது. "சுத்தம்னா?"

"அங்கங்க கலப்புச் செடி நின்னுச்சு. ஏழு. அதுங்களை விட்டு வச்சா இதோட கலந்து கெடுத்துடும். வேரோட பிடுங்கிட்டேன்."

"அப்ப பூ இருந்துச்சா அதுல?"

"ஏது? வெளியில அப்ப வெறும் இலைதான்."

"பூ இல்லாம கலப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பொண்ணு சொல்லியிருக்காளே. அந்த வளைவுல இருக்கறதெல்லாம் கலப்புதாம்ப்பான்னு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல அங்கேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வந்தா. தாளே உள்ள இருக்கு."

மேடம் என்னைப் பார்த்தார். எரிந்த கடைக்குப் போனால் மிச்சம் இருப்பதை மட்டும் பார்க்காதே, இல்லாமல் போனதையும் கேள் என்று எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "அந்தத் தாளைப் பார்க்கணும்," என்றார்.

தோட்டக்காரரைக் கண்ணாடி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம். தாள்கள் இருக்கும் அறை நீளமானது. இரண்டு பக்கமும் தகர அலமாரிகள். லென்ஸ் ஒன்றைத் திறந்து, அடியிலிருந்த கட்டைப் பிரித்து, ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தாள். கீழே அவள் கையெழுத்தில் தேதி, மூன்று வருடம் முன்னால். இடம், அதே சரிவு, அதே வளைவு. மேலே டைரக்டரின் சீட்டு. ‘கலப்பு’ என்று எழுதிக் கையெழுத்து.

நான் நிறையக் காய்ந்த செடிகளை அன்றைக்குப் பார்த்துவிட்டேன். இது மாதிரி ஒன்றைப் பார்க்கவில்லை. தண்டு நேராக, இலை ஒன்றன்மேல் ஒன்று படாமல், ஆறு பூக்களும் விசிறி மாதிரி நாலா பக்கமும் விரிந்து, ஒவ்வொன்றின் முகமும் நம்மைப் பார்க்க, அத்தனை நேர்த்தி. அப்பாவுக்குப் பெண் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்து, மேடத்தின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"பூ நாலு பக்கமும் விரிஞ்சிருக்கு. அதான் கலப்பு. சரிதானே?" என்றார் மேடம்.

"ஆமா."

"உயிரோட இருந்தப்பவும் இப்படியே இருந்துச்சா?"

லென்ஸ் தாளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். 

"அன்னிக்கு மழை," என்றாள் மெதுவாக. "அந்த வளைவுல இருந்த எல்லாச் செடியிலயும் பூ ஒரு பக்கமாத் தொங்கிட்டு இருந்துச்சு. மழையில தொங்குதுன்னு நினைச்சேன். நான் அதுவரைக்கும் உயிரோட சாய்வைப் பார்த்ததே இல்ல. தாள்ல வைக்கும்போது, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சுன்னா முகம் தெரியாதேன்னு..." அவள் விரல்கள் காற்றிலேயே அந்த வேலையைச் செய்தன. "ஊசியால ஒவ்வொண்ணாப் பிரிச்சு வச்சேன். நான்தான் பிரிச்சு வச்சேன்."

"டைரக்டர்?"

"தாளைத்தான் பார்த்தார். விரிஞ்சிருக்கு, கலப்புன்னு எழுதினார். நான் சரின்னுட்டேன்."

"தொண்டையைப் பார்த்தாரா?"

"பார்க்கல. நானும் பார்க்கல."

நான் போய் டீ போடும் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்தேன். காய்ந்த பூவைப் பிரிக்க முதலில் வெந்நீரில் ஊற வைப்பார்களாம். ஓரத்திலிருந்த ஒரு பூவை அவள் எடுத்துப் போட்டாள். அது தண்ணீரில் மெல்ல மெல்ல மலர்ந்து கொடுத்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு லென்ஸைக் கழற்றி மேடத்திடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் பார்த்துவிட்டு எனக்குக் கொடுத்தார். தொண்டை வழவழவென்று இருந்தது. மடிப்பு என்ற பேச்சே இல்லை. வாயில் குண்டூசியும் இல்லை. நூல் பிசிறு.

"நூல்கண்ணு," என்றார் மேடம். "அப்பாவோட செடியெல்லாம் குண்டூசி. அதனால இது கண்ணாடி வீட்டுச் செடி இல்ல. அந்தச் சரிவுல தானா வளர்ந்த சாய்வு."

"ஏழு," என்றாள் லென்ஸ். "ஏழு இருந்திருக்கு. மூணு வருஷமா அது பக்கத்துலயே நடந்திருக்கேன். கலப்புன்னு எழுதியாச்சேன்னு குனிஞ்சு கூடப் பார்க்கல."

 மணி மூன்றரை ஆகியிருந்தது.

"இதைக் காட்டணும்னு அவசியம் இல்ல," என்றார் மேடம் கடைசியில். அவர் அவ்வளவு மிருதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "அப்பா ஒத்துக்கறதோட உங்க பேர் தப்பிச்சுடும். நீங்க என்கிட்ட வந்ததும் அதுக்குத்தான். இந்தத் தாளை உள்ள வச்சுட்டா, தான் பிடுங்கினது என்னன்னு அப்பாவுக்கும் தெரிய வராது."

"வச்சுட்டா அந்த மலையில சாய்வு எப்பவுமே இருந்ததில்லைன்னு ஆயிடும்."

"ஆயிடும்."

"அது பொய் மேடம்."

அவள் தாளை உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஒரு பக்கம் டைரக்டர், மறுபக்கம் குவாரி வக்கீல். தோட்டக்காரர் கையைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். கேட்பதற்கு முன்பே எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். என் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார். தலைவர் எழுதிக்கொண்டார். லென்ஸின் மேல் விழ இருந்த அந்த ஒரு வரி விழவில்லை. பத்தே நிமிடத்தில் முடிந்தது.

பிறகு அவள் எழுந்து தாளை மேஜையில் வைத்தாள். மழை, ஊசி, டைரக்டரின் சீட்டு, வெந்நீரில் போட்ட பூ, ஒன்று விடாமல் சொன்னாள்.  டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் கிடைத்தது, அது அரை நிமிடம் கூட நிற்கவில்லை.

"அப்படின்னா அந்த வளைவுல ஏற்கெனவே நிஜமான செடிகள் இருந்திருக்கு," என்றார் தலைவர். "அதெல்லாம் இப்ப எங்கே?"

லென்ஸ் மேஜையிலிருந்த தாளை நேராக்கினாள். அவளால் அதைச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. கேள்வி தனக்குத்தான் என்று நினைத்துத் தோட்டக்காரர் மறுபடி எழுந்தார்.

"நான்தாங்க ஐயா எடுத்தேன். வேரோட எடுத்துட்டேன். ஒண்ணு கூட..." பேச்சு பாதியில் நின்றது. மேஜை மேல் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

குவாரி வக்கீல் பேனாவை மூடினார். "இப்ப அந்தச் சரிவுல இயற்கையா வளர்ந்த செடி ஒண்ணு கூட இல்லைன்னு இவங்க தரப்புலயே சொல்லிட்டாங்க. அதைக் குறிச்சுக்கங்க. எங்களுக்கு அது போதும்."

குறித்துக்கொண்டார்கள். அனுமதியை நிறுத்தி வைக்க இனிக் காரணம் இல்லை என்று அதே தாளில் அடுத்த வரியாக எழுதினார்கள்.

வராந்தாவில் டைரக்டர் எங்களைத் தாண்டிப் போகும்போது லென்ஸிடம் நின்றார். "உங்க ஒப்பந்தத்தைப் பத்தி நாளைக்குப் பேசலாம். நீட்டிச்சுடலாம், என் சீட்டைப் பத்தி மட்டும் வெளியில பேச வேண்டாம். திங்கட்கிழமை அவங்க வேலையை ஆரம்பிக்கறாங்க. அதுக்குள்ள அந்தப் பதினொண்ணையும் தோண்டி எடுத்துட்டு வந்துடுங்க. நிலையத்துச் சொத்து அது." தோட்டக்காரரிடம் கண்ணாடி வீட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார். அவர் கொடுத்தார்.

டைரக்டரின் செருப்புச் சத்தம் தேயும்வரை அப்பாவும் பெண்ணும் அப்படியே நின்றார்கள். நானும் மேடமும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"உன் வேலை போகலல்ல?" என்றார் அவர்.

"போகலப்பா."

"அந்த ஏழும்..." அவர் உறையைப் பார்த்தார். "அது சாய்வாம்மா?"

"ஆமாப்பா."

"நீ கலப்புன்னு சொன்னியேம்மா."

அவர் குறை சொல்லவில்லை. தான் எங்கே தவறினோம் என்று புரியாமல் கேட்டார், அவ்வளவுதான்.

"ஆமாப்பா. நான்தான் சொன்னேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.  பிறகு ஒரு அடி முன்னால் வந்து, அவள் கையிலிருந்த உறையை வாங்கிக்கொள்வதுபோல் கையை நீட்டினார்.

"அந்தப் பதினொண்ணை மண்ணோட எடுக்கணும். இல்லைன்னா வேர் அறுந்துடும். நாளைக்கு நானும் கூட வரட்டுமாம்மா?"

"வேண்டாம்பா," என்றாள். "நீங்க இனிமே எதையும் தொடாதீங்க."

அவர் நீட்டிய கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, இன்னொரு கையையும் வைத்துக்கொண்டார்.